மோட்டார் ஹோமில் தென் கலிபோர்னியப் பாலைவனம்: கூட்டமில்லாத பழைய இடங்கள் எவை?

கேள்வி: மைல்கல்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரி மாதக் கடைசியில் எனக்கு ஐந்து நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. சான் டியேகோவில் 25 அடி நீள மோட்டார் ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோர், மனைவி, ஒன்பது வயது மகள் ஆகியோருடன் பாலைவனப் பக்கம் போய்வர எண்ணியிருக்கிறேன். டெத் வேலியையும் ஜோஷுவா ட்ரீயையும் முன்பே பார்த்துவிட்டோம். இரண்டும் அழகான இடங்கள்தாம். ஆனால் சென்ற முறை வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் கழிந்துவிட்டது.

என் அப்பா நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பாலமோ பழைய சாலையோ கண்ணில் பட்டால் இறங்கி நின்று பார்க்காமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளமாக இருந்தால் ஒரு மைல் நடப்பார், ஏற்றம் ஆகாது. இவர்கள் இருவருக்கும் ஒத்துவரும்படி, அதிகம் பேர் போகாத, சற்றே வரலாறும் உள்ள இடங்கள் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். மண் சாலையில் ஓட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பதில்: ஒற்றையடிப்பாதை

வணக்கம் நண்பரே. அப்பா சாலைப் பொறியாளர் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். அன்சா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்காவின் தென்பகுதியை ஊடறுத்துச் செல்லும் எஸ்-2 என்ற கவுண்டிச் சாலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒகோட்டியோ என்ற சிற்றூரிலிருந்து சிசர்ஸ் கிராசிங் என்ற சாலைச் சந்திப்பு வரை ஏறக்குறைய 50 மைல் தூரம், முழுவதும் தார்ச் சாலை. பூங்காவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வடக்கே பொரேகோ ஸ்பிரிங்ஸ் பக்கமே போய்விடுவதால், வார நாட்களில் இந்தச் சாலையில் எதிரே ஒரு வண்டி வருவதே அபூர்வம்.

இந்தச் சாலையின் சிறப்பு என்னவென்றால், கலிபோர்னியாவின் தென்பகுதிக்குள் முதன்முதலில் சக்கர வண்டி நுழைந்த வழியை ஒட்டியே இது போகிறது. 1847 ஜனவரியில் மெக்சிகோ போரின்போது மார்மன் படைப்பிரிவு என்ற தன்னார்வப் படை, பிலிப் செயின்ட் ஜார்ஜ் குக் என்ற அதிகாரியின் தலைமையில் இவ்வழியாகச் சான் டியேகோவை நோக்கி வந்தது. பாக்ஸ் கேன்யன் என்ற இடத்தில் இருபுறப் பாறைகளும் நெருங்கி, வண்டியின் அகலத்தை விடவும் பாதை குறுகிவிட்டது. பாறை உடைக்கும் கருவிகளோ வழியிலேயே தொலைந்துபோயிருந்தன. கையில் மிஞ்சிய கோடரிகளைக் கொண்டே பாறையின் பக்கங்களைச் செதுக்கி, ஒரு வண்டியைக் கழற்றித் துண்டு துண்டாகச் சுமந்து, மற்றவற்றை எப்படியோ நெருக்கித் தள்ளி அப்புறம் சேர்ந்தார்கள். சாலையோரத்திலேயே வண்டியை நிறுத்தும் இடமும் ஒரு நினைவுக் கல்லும் உள்ளன. அங்கிருந்து பத்தடி நடந்தால் போதும். கீழே ஓடைப் படுகையில் படையினர் வந்த வழியும், அதற்கு மேலே சரிவில் பின்னாளில் அஞ்சல் வண்டிகளுக்காக வெட்டிய வழியும், நீங்கள் நிற்கும் தார்ச் சாலையும் ஒரே பார்வையில் தெரியும். உங்கள் அப்பாவுக்கு அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

அஞ்சல் வண்டி என்றது பட்டர்ஃபீல்டு நிறுவனத்தின் குதிரை வண்டிகளை. 1858 முதல் 1861 வரை மிசூரியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை சுமார் 2,800 மைல் தூரத்தை 25 நாட்களுக்குள் கடக்க வேண்டும் என்பது அரசுடன் அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். மேற்கு நோக்கிப் போகக் கட்டணம் 200 டாலர். அவ்வளவு பணம் கொடுத்தவரும் ஃபுட் அண்ட் வாக்கர் என்ற ஏற்றத்தில் இறங்கி நடக்க வேண்டும். சில வேளைகளில் பின்னாலிருந்து தள்ளவும் வேண்டும். அந்த ஏற்றம் பிளேர் வேலியில் இருக்கிறது. பாக்ஸ் கேன்யனிலிருந்து வடக்கே மூன்று மைல்தான்.

தெற்கே வல்லெசிட்டோ என்ற இடத்தில் அந்தக் காலத்து வண்டிச் சத்திரம் ஒன்று உண்டு. புல்வேரோடு வெட்டியெடுத்த மண் கட்டிகளால் கட்டிய சுவர்கள் காலப்போக்கில் கரைந்துபோக, 1934இல் மீண்டும் எழுப்பினார்கள். உள்ளே போனால் வெளி வெயிலுக்கும் அங்குள்ள குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும். அதைச் சுற்றியே கவுண்டியின் முகாம் இருக்கிறது. மின் இணைப்பு கிடையாது. அங்கிருந்து நான்கு மைல் தள்ளி அகுவா கலியெந்தே என்ற இடத்தில் இயற்கை வெந்நீர் ஊற்றிலிருந்து நீர் பெறும் குளங்களும், மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் உள்ள இடங்களும் உண்டு. அம்மாவின் முழங்காலுக்கு அந்த வெந்நீர் இதமாக இருக்கும். இரண்டு முகாம்களும் கோடையில் மூடப்படுபவை. ஜனவரிக்குக் கவலையில்லை, வார இறுதிக்கு மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

பதில்: தேரிக்காட்டான்

மேலே நண்பர் எழுதியது அனைத்தும் சரி. நான் இன்னும் சற்றுக் கிழக்கே போகச் சொல்வேன். அதற்கு முன் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற வாடகை வண்டியில் போனபோது, படம் எடுப்பதற்காகத் தார்ச் சாலையை விட்டு வலது பக்கச் சக்கரங்களை மட்டும் ஓரத்தில் இறக்கினேன். பார்ப்பதற்குக் கெட்டியான தரை போலத்தான் இருந்தது. மேலே இரண்டு அங்குலம் பொறுக்கு, அதற்குக் கீழே மாவு போன்ற மணல். முன்னே எடுக்க எடுக்கப் பின் சக்கரம் இறங்கிக்கொண்டே போய் அச்சு மணலைத் தொட்டுவிட்டது. ஊரில் தேரி மணலில் சைக்கிள் தள்ளிப் பழகியவன் நான்; எனக்கே அது உறைக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அவ்வழியே வந்த ஒரு முதியவர், தம் வண்டியிலிருந்து இரண்டு மரப்பலகைகளை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் செருகி, டயர் காற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி ஐந்தே நிமிடத்தில் வெளியே கொண்டுவந்துவிட்டார். "நாளைக்குப் பழைய பலகைச் சாலையைப் போய்ப் பாருங்கள், இந்த வித்தையின் பெரியப்பா அது" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்ன இடம் ஐ-8 நெடுஞ்சாலையை ஒட்டி, அல்கொடோனெஸ் மணற்குன்றுகளில் இருக்கிறது. மோட்டார் கார்கள் பெருகத் தொடங்கிய காலத்தில், சான் டியேகோவிலிருந்து அரிசோனாவின் யூமா நகருக்குப் போக இந்த மணல்தான் பெரிய தடையாக இருந்தது. 1915இல் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களுக்கு மட்டும் பலகை பதித்துப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. மறு ஆண்டே 8 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட பலகைச் சட்டங்களைத் தனியாகச் செய்து கொண்டுவந்து, வரிசையாகக் கிடத்தினார்கள். மணல் மூடினால் சட்டத்தைத் தூக்கி வேறிடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்பதே திட்டம். ஒரு வண்டிக்கு மட்டுமே இடம் உள்ள அகலம் என்பதால், எதிரும் புதிருமாக வருபவர்கள் ஒதுங்குவதற்கு ஆங்காங்கே இரட்டை அகலத்தில் இடம் விட்டிருந்தார்கள். யார் பின்வாங்கி அதுவரை போவது என்பதில் அடிதடியே நடந்திருக்குமென்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. 1926இல் தார்ச் சாலை வந்ததும் பலகைகளின் வேலை முடிந்தது. கிரேஸ் வெல் சாலையின் மேற்குக் கோடியில், மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து அமைத்த சுமார் 1,500 அடி நீளப் பகுதியை வேலியிட்டுப் பாதுகாக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், மணல் அறுத்த பலகைகளில் மென்மையான பகுதி தேய்ந்துபோய், ரேகைகள் மட்டும் விரல் நகம் அளவுக்குத் துருத்திக்கொண்டு நிற்பதைக் காணலாம். அதன் மேல் ஏறி நடப்பது கூடாது.

அதே பயணத்தில் ஓகில்பி சாலையில் வடக்கே திரும்பி டம்கோ என்ற பாழூரையும் பார்க்கலாம். 1884இல் பொன் கண்டுபிடித்த பிறகு ஹெட்ஜஸ் என்ற பெயரில் எழுந்த ஊர் அது. பின்னர் வாங்கிய நிறுவனத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து டம்கோ ஆயிற்று. இன்று எஞ்சியிருப்பவை கல் அடித்தளங்களும், சயனைடு கலந்து பொன்னைப் பிரித்தெடுத்த பெரிய தொட்டிகளும், கழிவு மேடுகளும்தான். மூடப்படாத சுரங்கக் குழிகள் பல இருப்பதால் குழந்தையின் கையை விடாதீர்கள். அப்பகுதி பொது நிலம், 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம் என்றாலும், தென்பகுதியில் தண்டவாளம் அருகிலேயே ஓடுகிறது. இரவு முழுவதும் சரக்கு ரயில்களின் ஊதல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பதில்: கள்ளிப்பூ

அண்ணன்மார் இருவரும் இடங்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். வண்டிக்குள் குடித்தனம் நடத்துபவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பாதை. ஜூலியன் என்ற மலையூர் வழியாக நெடுஞ்சாலை 78இல் இறங்கும் பேனர் மலைச் சாலை நீள வண்டிக்கு ஏற்றதன்று. வளைவுகளில் பின்பகுதி எதிர்த் தடத்துக்குள் போய்விடும். ஐ-8 வழியாகக் கிழக்கே போய், ஒகோட்டியோவில் டீசலோ பெட்ரோலோ நிரப்பிக்கொண்டு எஸ்-2இல் தெற்கிலிருந்து நுழைவதே நல்லது. ஐ-8 மலையிறக்கத்திலும் பலத்த காற்று அடிக்கும். உயரமான வண்டிகளுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தால் அன்றைய பயணத்தை ஒத்திப்போடுங்கள். எங்கள் வண்டியின் பக்கவாட்டுத் துணிக்கூரை ஒருமுறை அங்கேதான் பிய்ந்து போயிற்று. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ் கியரில் விடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். ஐந்து பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால் தொட்டி ஒரே நாளில் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிடும். பாத்திரம் கழுவுவதைக் குறைக்க முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போவது என் வழக்கம். குடிநீரைத் தனிக் கேன்களில், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் என்ற கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு இல்லாத இரவுகளை முதலிலும், அகுவா கலியெந்தேயைக் கடைசியிலும் வைத்தால், தொட்டிகளைக் காலி செய்துவிட்டே வண்டியைத் திருப்பித் தரலாம்.

மூன்றாவது, ஆவணங்கள். மெக்சிகோ எல்லை பக்கத்திலேயே இருப்பதால் நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. பெற்றோரின் பாஸ்போர்ட்டையும் ஐ-94 என்ற வருகைப் பதிவுத் தாளையும், உங்கள் கிரீன் கார்டையும் வண்டியில் வைத்திருங்கள். வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்பது அங்கே பதிலாகாது.

மகளுக்காக ஒரு சீப்பும் இடுக்கியும் எடுத்துப் போங்கள். சோயா (cholla) என்ற கள்ளியின் துண்டு, உரசினாலே காலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். சீப்பைக் கீழே கொடுத்து ஒரே வீச்சில் தெறிக்கவிட வேண்டும்.

கேள்வியாளர்: மைல்கல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பலகைச் சாலையைப் பற்றிப் படித்துக் காட்டியதும், சட்டங்களை எதால் இணைத்தார்கள் என்று அப்பா கேட்கத் தொடங்கிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். கோட் மவுண்டன் மலை மேல் ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு இருப்பதாக எங்கோ படித்தேன்; அங்கே போக முடியுமா? அந்தப் பக்கத்தில் மரத்தாலான பெரிய ரயில் பாலம் ஒன்று இருக்கிறதாமே?

பதில்: ஒற்றையடிப்பாதை

இரண்டு பெயர்களும் கலந்துவிட்டன. வீடு இருப்பது கோஸ்ட் மவுண்டன் மேல். பாலம் இருப்பது கோட் கேன்யனில்.

மார்ஷல் சவுத் என்ற எழுத்தாளர் 1930இல் மனைவி தான்யாவுடன் அந்த மலையுச்சிக்குக் குடியேறி, மண் கட்டிகளால் வீடு கட்டி, மூன்று பிள்ளைகளை அங்கேயே வளர்த்தார். உச்சியில் ஊற்று எதுவும் இல்லை. பெய்யும் மழையைத் தொட்டிகளில் சேர்த்தே வாழ்ந்தார்கள். 1947இல் மணமுறிவோடு அந்த வாழ்க்கை முடிந்தது. இப்போது வாயில் வளைவும், நீர்த்தொட்டிகளும், துருப்பிடித்த கட்டில் சட்டமும் நிற்கின்றன. பிளேர் வேலியின் நுழைவுப் பகுதியில், சாலையை ஒட்டிய கெட்டித் தரையில் பெரிய வண்டிகள் நிற்பதை எப்போதும் பார்க்கலாம். தங்குவதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் மலையடிவாரத்துக்கு அங்கிருந்து மண் சாலையில் மூன்று மைல் அளவு போக வேண்டும். உங்கள் ஒப்பந்தப்படி மண் சாலையில் ஓட்டக் கூடாது என்பதால், யாராவது ஒருவர் சிறிய காரில் உடன் வந்தால்தான் அது நடக்கும். அதற்குப் பிறகு ஒரு மைல் செங்குத்தான ஏற்றம், அம்மாவுக்கு வேண்டாம். காருக்கு வழியுண்டென்றால் அம்மாவுக்கு அதே பள்ளத்தாக்கில் வேறொன்று இருக்கிறது: குமெயாய் என்ற பழங்குடி மக்கள் விதைகளை இடித்த குழிகள் உள்ள பாறைகள். நம் ஊர் உரலின் குழியேதான், வழவழப்பு உட்பட. நடை குறைவு, ஏற்றமும் இல்லை.

பாலத்தைப் படத்தில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சான் டியேகோ-அரிசோனா ரயில் பாதையில், சுரங்கப்பாதை ஒன்று இடிந்த பிறகு 1932-33 காலத்தில் மரத்தால் கட்டினார்கள்; உயரம் ஏறத்தாழ 186 அடி. தண்டவாளத்தின் மேல் நடப்பது அத்துமீறல். சட்டப்படி போகும் மலைவழியோ கடினமான பாறை வழி. அதன் தொடக்கத்தை அடையவே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி தேவை.

அதற்குப் பதிலாக ஒகோட்டியோவிலிருந்து வரும்போதே காரிசோ வறள்நிலக் காட்சி முனையில் நிறுத்துங்கள். சாலையோரத்திலேயே இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல், வெயில் சாயும்போது, மண் மடிப்புகளின் நிழல் ஒவ்வொன்றாக நீளும். கீழே தெரியும் நிலத்தின் ஒரு பகுதி பழைய குண்டு பயிற்சிக் களம். வெடிக்காத குண்டுகள் கிடப்பதால் இன்றும் மூடி வைத்திருக்கிறார்கள். இருட்டுவதற்குள் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வல்லெசிட்டோ வரை வளைவும் பள்ளமும் உண்டு, விளக்கு ஒன்றும் கிடையாது.