ஜிப்சி முன்கண்ணாடி மாற்ற வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2004 மாடல் மாருதி ஜிப்சி கிங், சாஃப்ட் டாப். வால்பாறை மலைப்பாதையில் எதிரே வந்த டிப்பரிலிருந்து கல் தெறித்து, டிரைவர் பக்கம் கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டது. முதலில் பொட்டு அளவுதான் இருந்தது. ஆழியாறு இறங்குவதற்குள் வைப்பர் வரை ஓடிவிட்டது. ரெசின் ஊற்றி அடைப்பதெல்லாம் இனி ஆகாது.

உள்ளூர்க் கடையில் டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய ஒற்றை) கண்ணாடி போடலாம், பாதி விலைதான் என்றார்கள். அது வேண்டாம். அடிபட்டால் மொத்தமாக நொறுங்கிவிடும். முன்பக்கம் லேமினேட்டட்தான் (இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) என்று சட்டமே இருக்கிறது. கோவையிலோ சென்னை புதுப்பேட்டையிலோ ஐஎஸ்ஐ முத்திரையோடு புதிது கிடைக்குமா? விலை சுமாராக எவ்வளவு வரும்? இன்சூரன்ஸ் தேர்டு பார்ட்டி மட்டும், அதனால் கைக்காசுதான்.

அப்புறம், கண்ணாடியை விடப் பெரிய கவலை அது உட்காரும் இரும்பு ஃபிரேம். கீழ் மூலையில் ரப்பர் பீடிங்கை (கண்ணாடி விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை) தூக்கிப் பார்த்தால் துரு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. மழையில் டேஷ்போர்டு ஓரம் தண்ணீர் கசிவது இதனால்தான் போல. அந்த இடத்தை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்து, பிரைமர் அடித்துவிட்டுக் கண்ணாடி போட்டால் தாங்குமா? இல்லை, நல்ல பழைய ஃபிரேமாகத் தேடுவது மேலா?

பீடிங்கில் கயிறு கோத்து இழுத்து மாட்டத் தெரிந்த பழைய ஆள் கோவை, பொள்ளாச்சி பக்கம் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இப்போது பலருக்கும் பசை வைத்து ஒட்டும் வேலைதான் பழக்கம்.