கான்டெஸா 1.8-ஐ மஸில் கார் மாதிரி கட்ட ஆசை: எஞ்சினில் தொடங்கவா, பிரேக்கிலா?

மர்ஃபிடவுன்_கான்டெஸா:

எல்லோருக்கும் வணக்கம். என் தாய்மாமாவின் கான்டெஸா கிளாசிக் இப்போது என் பெயருக்கு மாறிவிட்டது. 1994 மாடல், இஸுஸு 1.8 பெட்ரோல், ஐந்து கியர், கர்நாடகா பதிவு. பல வருஷம் பெங்களூர் அல்சூரில் ஒரு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி. எஞ்சின் ஜாம் ஆகவில்லை, கையால் சுற்றினால் சுற்றுகிறது. டிக்கித் தரையில் துரு, டிரைவர் காலடியில் கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. மற்றபடி பாடி நேராக இருக்கிறது, எங்கும் இடிபட்ட அடையாளம் இல்லை.

அமெரிக்காவில் 1960களின் மஸ்டாங், கமாரோ மாதிரி பெரிய எஞ்சின் மஸில் கார்களை எடுத்து, வெளித்தோற்றத்தை அப்படியே விட்டு, உள்ளே புது எஞ்சின், ஆறு கியர், பெரிய டிஸ்க் பிரேக், காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது) என்று போட்டு ஓட்டுகிறார்களே, அதை இந்த வண்டியில் செய்ய வேண்டும் என்று ஆசை. நீளமான பானெட், சதுர முகம், பின்சக்கர டிரைவ், இந்தக் களை நம் ஊரில் வேறு எந்த வண்டிக்கு இருக்கிறது சொல்லுங்கள்?

பட்ஜெட் பத்து லட்சம் வரை, ஒரே அடியாக இல்லை, மெதுவாக. தினமும் ஆபீசுக்கு ஓட்டப் போவதில்லை. ஞாயிறு காலையில் நந்தி ஹில்ஸ் பக்கம், எப்போதாவது வேலூருக்கு, அவ்வளவுதான். இங்கே ஒரு கஸ்டம் ஷாப்பில் கேட்டதற்கு (பெயர் வேண்டாம்) ஜப்பான் டொயோட்டாவின் டூஜேஇசட் (2JZ) எஞ்சின் போட்டுத் தருகிறோம், ஆர்.சி. பற்றி நீங்கள் கவலையே படாதீர்கள் என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டுத்தான் கவலையே வந்தது. எதில் தொடங்குவது, எதைத் தொடவே கூடாது, செய்தவர்கள் சொல்லுங்கள்.

பீன்யா_லேத்:

தம்பி, முதலில் அந்த எஞ்சின் யோசனையை ஓரமாக வையுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் வையுங்கள் என்கிறேன். கான்டெஸாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். அது 1972-ல் இங்கிலாந்தில் வந்த வாக்ஸால் விக்டர் எஃப்.ஈ. வண்டியின் பாடி, 1984-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கே கொண்டு வந்தபோது உள்ளே இருந்தது அம்பாசடரின் 1.5 எஞ்சின், சுமார் 50 குதிரைசக்தி. அப்புறம்தான் உங்கள் வண்டியில் இருக்கிற 88 குதிரைசக்தி இஸுஸு வந்தது. காலடித் தரையும் கதவுக்குக் கீழே ஓடுகிற சில்லும் துருப்பிடித்த பாடியில் முந்நூறு குதிரையைக் கட்டினால், ஒவ்வொரு முறை கிளட்ச் விடும்போதும் பாடி முறுக்கும், முதலில் கதவு சரியாகச் சாத்தாது, பிறகு வின்ட்ஷீல்டு ஓரத்தில் விரிசல் விடும். அமெரிக்காவில்கூட முதல் தலைமுறை கமாரோவில் பெரிய எஞ்சின் வைக்கிறவர்கள் எஞ்சினைத் தாங்குகிற முன் சப்ஃபிரேமையும் பின்பக்கத்தையும் அடியில் இரும்புக் குழாயால் இணைத்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள், பழைய மஸ்டாங்கிலும் அதே கதைதான்.

அதனால் முதல் செலவு டிங்கரிங். பட்டி பூசி மறைக்கிற டிங்கரிங் இல்லை, துருவை வெட்டி எடுத்து, சுத்தமான தகடு தெரிகிற வரைக்கும் வெட்டி, புதுத் தகடு வைத்து மிக் (MIG, கம்பி ஊட்டுகிற மின்) வெல்டிங். சில், ஜாக்கி வைக்கிற இடம், பின் சஸ்பென்ஷன் கை பாடியில் பிடிக்கிற இடம், வின்ட்ஷீல்டுக்குக் கீழே தண்ணீர் தேங்குகிற இடம், இதையெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே வேலை இருக்கிறது.

அடுத்தது பிரேக். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு, இதில் பேரம் பேச முடியாது. பின்னால் டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுகிறவர்கள் வேறு வண்டியின் கேலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) பிடித்து பிராக்கெட் செய்யச் சொல்லி எங்களிடம் வருவார்கள். பிராக்கெட் செய்வது சுலபம், நல்ல தடிமன் ஸ்டீல் பிளேட்டில் லேசரில் வெட்டிக் கொடுத்துவிடுவோம். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் போரை (உள்விட்டத்தை) யாரும் கணக்குப் போடுவதில்லை என்பதுதான் தலைவலி. போர் சின்னதாக இருந்தால் அழுத்தம் அதிகம், ஆனால் பெடல் ஆழமாகப் போகும். பெரிதாக இருந்தால் பெடல் கல் மாதிரி, வண்டி நிற்காது. டிரம்முக்காக லைனில் சின்ன அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு இருந்தால் அதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பின் பிரேக் முன் பிரேக்குக்கு முந்தி லாக் ஆனால் மழையில் வண்டி சுழன்று நிற்கும், அதற்காக லைனில் அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு ஒன்று வேண்டும். ஹேண்ட் பிரேக் எங்கே மாட்டப் போகிறோம் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் முன்னால் நல்ல பெரிய டிஸ்க், பின்னால் டிரம்மையே சரி செய்து ஓட்டுங்கள், உங்கள் உபயோகத்துக்கு அது போதும்.

டர்போ_தாத்தா:

இவ்வளவு கவனமாக இருக்க வேண்டுமென்றால் ஒரு செடான் வாங்கி ஓட்டலாமே. டூஜேஇசட் என்பது இரும்பு பிளாக், மூன்று லிட்டர், ஜப்பானில் தொழிற்சாலையிலிருந்தே 280 குதிரை. பின்சக்கர டிரைவுக்காகவே செய்த எஞ்சின், நீளமான பானெட்டுக்குள் ஆறு சிலிண்டரும் வரிசையாக உட்காரும். மஸில் கார் என்று சொல்லிக்கொண்டு 88 குதிரையில் நந்தி ஹில்ஸ் ஏறினால் பின்னால் வருகிற ஸ்விஃப்ட் ஹாரன் அடிக்கும்.

முனிர்கா_பெட்ரோல்:

மேலே சொன்ன அண்ணன் எஞ்சினைச் சொன்னார், காகிதத்தைச் சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சின் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், புது எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் ஏற வேண்டும். அதே வகை எஞ்சின் என்றால் போய்ப் பேசலாம். 1.8 நாலு சிலிண்டர் இருந்த இடத்தில் எங்கிருந்தோ வந்த 3.0 டர்போவைக் காட்டினால் எந்த இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார்? நாளைக்கே ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பரைத்தான். அடிபட்டவர் குடும்பத்துக்கு நீங்கள் வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டி வரலாம். "ஆர்.சி. பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்று சொன்ன கடை அப்போது போனை எடுக்காது.

"விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம்" என்றும் யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான் அது, அதுவும் பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். முதல் கான்டெஸாவுக்கே 2034-ல்தான் 50 வயது.

நீங்கள் பெங்களூரில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். இங்கே டெல்லியில் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு இருந்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது, அதற்கப்புறம் உத்தரவுகள் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கின்றன. கரோல் பாக்கில் எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்த கான்டெஸாவை ஊருக்கே அனுப்பிவிட்டார். உங்களுக்கு எஃப்.சி. எடுத்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பித்தால் போதும். அந்த வசதியை டர்போவுக்காகக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

டர்போ_தாத்தா:

சரி, ரோட்டுக்கு வேண்டாம். டிராக்குக்கு மட்டும் கட்டட்டும், டிரெய்லரில் ஏற்றி சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டு போகட்டும். அங்கே ஆர்.சி. யார் கேட்கப் போகிறார்கள்.

மர்ஃபிடவுன்_கான்டெஸா:

டிரெய்லர், அதை இழுக்க ஒரு வண்டி, அதை நிறுத்த இடம், மர்ஃபி டவுன் சந்தில் எங்கே போவேன் சார்! எஞ்சின் மாற்றவில்லை, முடிவு செய்துவிட்டேன். அப்படியானால் இருக்கிற இஸுஸுவையே எவ்வளவு உயிர்ப்பிக்க முடியும்? கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீய்ச்சுகிற இன்ஜெக்ஷன் போடலாமா? இப்போது பங்க்கில் கிடைப்பதெல்லாம் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) என்பதும் மனதில் உறுத்துகிறது.

குர்லா_ஸ்பேர்ஸ்:

மும்பையிலிருந்து எழுதுகிறேன், செம்பூர்க்காரன். இன்ஜெக்ஷன் நல்ல முடிவு, அதற்கு இரண்டு காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சினில் பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும், 88-ல் எட்டு ஒன்பது குதிரை அங்கேயே காணாமல் போகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது, கீழே சென்னைக்கு வைத்த ஜெட்டிலேயே (பெட்ரோல் வருகிற துளை) பெட்ரோலைக் கொட்டும், பிளக் கறுக்கும். இன்ஜெக்ஷன் காற்றழுத்தத்தைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்ளும். இரண்டாவது இ20. எரிய வேண்டிய காற்றும் பெட்ரோலும் எடைக் கணக்கில், சாதாரண பெட்ரோலுக்கு 14.7-க்கு 1 என்றால் இ20-க்கு கிட்டத்தட்ட 13.5-க்கு 1, அதாவது கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால் எஞ்சின் தானே சரி செய்துகொள்ளும்.

ஆனால் கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரு பெட்டியை மாட்டினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் தருவது நாலைந்து பி.எஸ்.ஐ. அழுத்தம், இன்ஜெக்ஷனுக்கு வேண்டியது 40-லிருந்து 60 வரை. டேங்குக்குள்ளேயே மின்பம்ப் வைக்க வேண்டும், வெளியே மாட்டினால் நம் வெயிலில் கத்திக்கொண்டே இருக்கும், சீக்கிரம் போய்விடும். கூடுதல் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ஒரு ரிட்டர்ன் லைன் வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அத்தனையும் மாற்றி எத்தனால் தாங்குகிற ஹோஸாகப் போடுங்கள், கார்புரேட்டரே வைத்துக்கொண்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். டேங்குக்குள் துரு இருந்தால் எத்தனால் அதைக் கிளறி ஃபில்டருக்கு அனுப்பும், அதனால் டேங்கைக் கழற்றிக் கழுவுவது முதல் வேலை.

வயரிங்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பம்ப், எலக்ட்ரிக் ஃபேன், இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்ந்தால் பழைய ஆல்டர்னேட்டர் மூச்சு வாங்கும். முப்பது வருஷத்து வயரில் புது லோடு ஏற்றி எரிந்த வண்டிகள் குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கிராப்பாக வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். புது ஃபியூஸ் பாக்ஸ், ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே. ரேடியேட்டரை நல்ல கோர் போட்டுக் கட்டுங்கள், ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் முழுக்க இழுக்க வைக்கிற மூடி) கட்டாயம். உங்கள் ஊர் சில்க் போர்டு சிக்னலில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கும்போது ஷ்ரவுட் இல்லாத ஃபேன் ரேடியேட்டரின் நடுவில் மட்டும் காற்றை இழுக்கும்.

இன்னொன்று, 88 குதிரையை நினைத்து வருத்தப்படாதீர்கள். மஸில் கார் என்றதும் எல்லோரும் சொல்கிற 1964 பான்டியாக் ஜி.டி.ஓ.வின் 325 குதிரை, கிராஸ் கணக்கு. சைலன்சர், ஃபேன் எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைத்து அளந்தது. 1972-ல் அமெரிக்க கம்பெனிகள் நெட் கணக்குக்கு மாறியதும் அந்த எண்கள் சரசரவென்று இறங்கின. அந்த ஜி.டி.ஓ.வுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இன்று அமெரிக்கர்கள் பழைய மஸில் காரில் புது பிரேக்கும் ஸ்டியரிங்கும் போட அவ்வளவு செலவழிப்பது அதனால்தான், நேர்க்கோட்டில் பறக்கும், வளைவில் பிரார்த்தனை.

பீன்யா_லேத்:

செம்பூர்க்காரர் சரியாகச் சொன்னார். இன்ஜெக்ஷனோடு ஹெட்டைக் கழற்றி வால்வ் சீட் பார்த்து, நல்ல ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கிற குழாய்கள்), கொஞ்சம் பெரிய எக்ஸாஸ்ட் பைப் என்று போனால் இஸுஸு உங்களை ஏமாற்றாது, எஞ்சின் நம்பரும் மாறாது. இருந்தாலும் இதையெல்லாம் ஆர்.டி.ஓ.வில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கழற்றிய கார்புரேட்டர், பம்ப், ஏர் கிளீனர் எதையும் எடைக்குப் போடாதீர்கள், எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள். புஷ், ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங் ஜாயின்ட் எல்லாம் ஜே.சி. ரோட்டில் தேடுங்கள், கிடைக்காத புஷ்ஷை பாலியுரித்தேனில் வார்த்துக் கொடுப்பவர்கள் பீன்யாவில் இருக்கிறார்கள். அலாய் வீல் வாங்குவதற்கு முன் பி.சி.டி. (வீல் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) அளந்துவிடுங்கள், வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் போட்டுப் பொருத்தித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மர்ஃபிடவுன்_கான்டெஸா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இந்த வாரம் சீட்டும் கார்ப்பெட்டும் கழற்றி ஸ்க்ரூடிரைவர் வேலையைத் தொடங்குகிறேன். ஷெட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வெல்டர் இருக்கிறார், கேஸ் வெல்டிங்தான் வைத்திருக்கிறார், டிக்கித் தரையை அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பீன்யா_லேத்:

வேண்டாம். கேஸ் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும், அரை நாளில் முடிகிறது என்றால் பழைய துருவின் மேலேயே ஒட்டப் போகிறார் என்று அர்த்தம். மிக் வைத்திருப்பவரைத் தேடுங்கள். விட்டு விட்டுப் புள்ளி வைத்து, ஆற விட்டு, கடைசியில் ஓரமெல்லாம் சீலர் பூச வேண்டும். யார் செய்தாலும் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்கி ஷெட்டுக்கு வெளியே தள்ளி வைத்த பிறகுதான் டிக்கிப் பக்கம் நெருப்பு வரலாம்.