டெல் வைக்கிங்ஸ்: 1957இல் ஒரே பெயரில் இரண்டு குழுவா?

கேள்வி (பழையதட்டு):
டூ-வாப் (1950களின் அமெரிக்கக் குழுக்குரல் பாட்டு) தொகுப்பு ஒன்றுக்குப் பாடல்வாரியாகப் பாடகர் பட்டியல் போடுகிறேன். டெல் வைக்கிங்ஸில் வந்து சிக்கிக்கொண்டேன். 1957 கோடையில் ‘விஸ்பரிங் பெல்ஸ்’ டாட் இசைத்தட்டு நிறுவனத்திலும், ‘கூல் ஷேக்’ மெர்குரியிலும் ஒரே நேரத்தில் வரிசைப் பட்டியலில் இருக்கின்றன. முன்குரல் வேறு வேறு. பெயரில் ‘எல்’ ஒரு இடத்தில் ஒன்று (Del), இன்னொரு இடத்தில் இரண்டு (Dell). இவை இரண்டு வெவ்வேறு குழுக்களா? கறுப்பர், வெள்ளையர் கலந்த குழு என்கிறார்களே, எந்தப் பதிவில் யார் இருந்தார்கள்?

பதில் 1 (ஐந்தாம்குரல்):
இரண்டு குழுக்கள் இருந்தது உண்மைதான். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு பாட்டை வைத்து அதைப் பிரிக்க முடியாது. ‘விஸ்பரிங் பெல்ஸ்’ குழு உடைவதற்கு முன்பே பதிவாகிவிட்டது, வெளிவந்ததுதான் பின்னால். அதில் பாடுவது பழைய ஐவர்: கிளாரன்ஸ் குவிக் (பேஸ், அதாவது தாழ்குரல்), கிரிப் ஜான்சன், நார்மன் ரைட், டேவ் லெர்ச்சி, கஸ் பாக்கஸ். கடைசி இருவரும் வெள்ளையர்கள்.

முன்குரல் ஆளுக்கு ஆள் மாறுவது இந்தக் குழுவின் வழக்கம். குவிக் எழுதிய ‘கம் கோ வித் மீ’யில் ரைட், ‘விஸ்பரிங் பெல்ஸ்’ஸில் ஜான்சன், ‘கூல் ஷேக்’கில் பாக்கஸ். எனவே குரல் மாறியதைக் கேட்டதும் குழுவே வேறு என்று எழுதிவிடாதீர்கள்.

அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பாப் பட்டியலில் மூன்றும் எட்டிய இடம் முறையே 4, 9, 12.

பதில் 2 (ஒப்பந்தப்புலி):
உடைந்ததற்குக் காரணம் வயது. பிட்ஸ்பர்க்கில் ஃபீ பீ என்ற சின்ன நிறுவனம் நடத்திய ஜோ அவர்பாக்கிடம்தான் எல்லோரும் முதலில் கையெழுத்திட்டார்கள். ‘கம் கோ வித் மீ’ அங்கே 205 என்ற எண்ணில் வந்தது. தேவைக்கு ஏற்ப நாடு முழுக்கத் தட்டு அனுப்ப அந்த அளவு நிறுவனத்தால் முடியாது என்பதால் 1957 தொடக்கத்தில் டாட் எடுத்து 15538 ஆக வெளியிட்டது.

அப்போது அங்கே சட்டப்படி முழு வயது 21. கையெழுத்திட்டபோது ஜான்சன் மட்டுமே அதைத் தாண்டியவர், மற்றவர்கள் மைனர்கள். மைனர் போட்ட ஒப்பந்தம் பிறவியிலேயே செல்லாதது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. மைனர் விரும்பினால் அதிலிருந்து விலகலாம், அவ்வளவே. மேலாளர் ஆலன் ஸ்ட்ராஸ் அந்த வழியில்தான் நால்வரையும் மெர்குரிக்கு அழைத்துப் போனார். ஜான்சனுக்கு அந்த வாசல் இல்லை, ஃபீ பீயிலேயே தங்கினார். மெர்குரியில் அவர் இடத்துக்கு வில்லியம் பிளேக்லி வந்தார். ஜான்சன் புதிதாகச் சேர்த்த ஆட்களில் சக் ஜாக்சனும் ஒருவர், பின்னாளில் 1962இல் ‘எனி டே நவ்’ பாடியவர் இவரேதான்.

உங்கள் பட்டியலுக்கு ஒரு வழி: எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். நிறுவனம், எண், பதிவான காலம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். டாட் 15538, 15592 (‘விஸ்பரிங் பெல்ஸ்’) இரண்டும் உடைவதற்கு முந்தைய குழு. டாட்டில் அதற்குப் பிறகு வந்த ‘ஐம் ஸ்பின்னிங்’ ஜான்சனின் புதுக் குழு. மெர்குரியில் 1957இல் வந்த ‘கூல் ஷேக்’ ஜான்சன் இல்லாத குழு. ஆனால் 1958இல் அவர் மெர்குரி குழுவோடு சேர்ந்துவிட்டார், அதற்குப் பிந்தைய தட்டுகளில் ‘மெர்குரி என்றால் ஜான்சன் இல்லை’ என்ற கணக்கு உதவாது.

பதில் 3 (முகாம்வாசி):
இனம் கலந்தது பற்றி யாரும் தொடவில்லையே. இவர்கள் பிட்ஸ்பர்க் விமானப்படை முகாமில் பணியிலிருந்த வீரர்கள். அமெரிக்கப் படைகளில் இனப்பிரிவினையை நீக்க ட்ரூமன் ஆணையிட்டது 1948இல். வெளியே நகரங்கள் தெருத்தெருவாகப் பிரிந்துகிடந்த காலத்தில் முகாமில் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், சேர்ந்து பாடினார்கள். குழுவைத் தொடங்கிய ஐவர் அனைவரும் கறுப்பர்கள்தான். இடமாற்ற உத்தரவில் ஆட்கள் ஒவ்வொருவராக ஜெர்மனிக்குப் போகப்போக ரைட், லெர்ச்சி, பாக்கஸ் உள்ளே வந்தார்கள். ஆக, குழுவின் சேர்க்கையைப் பாதி தீர்மானித்தது படை அலுவலகம்!

இன்னொரு இனக்கலப்பு டூ-வாப் குழுவான தி கிரெஸ்ட்ஸை இதோடு ஒரே வரியில் சேர்க்காதீர்கள். அது நியூயார்க்கில் சிறு வயதிலேயே சேர்ந்த கூட்டு: இத்தாலிய வம்சாவளி ஜானி மேஸ்ட்ரோ, போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி ஹரால்ட் டோரஸ், கூடக் கறுப்பினப் பாடகர்கள்.

பாக்கஸ் பின்னர் ஜெர்மனியிலேயே தங்கி, 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் பாடி அங்கே பெரிய நட்சத்திரமானார். டூ-வாப் பட்டியல்களில் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர் (பழையதட்டு):
15592இல் ‘புதுக் குழு’ என்று போட்டிருந்தேன், திருத்திவிட்டேன். ஒரு துணைக்கேள்வி: வாத்தியம் இல்லாத பழைய பதிவுகள் என்று தனியாகச் சில வருகின்றனவே, அவை எந்தக் கணக்கு?

பதில் 4 (ஐந்தாம்குரல்):
பிட்ஸ்பர்க் வானொலி அறிவிப்பாளர் பேரி கே வீட்டு நிலவறையில் வெறும் குரலில் பாடிப் பதிந்தவை. பிரபலமாவதற்கு முந்தைய மாதிரிப் பதிவுகள். சில வெளியீடுகளில் இவற்றின் மேல் பின்னால் வாத்தியம் ஏற்றியிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் குவிக்கின் பேஸ் குரலைக் கவனியுங்கள். வாத்தியமில்லாப் பாட்டில் தாளத்தையும் சுருதியின் அடித்தளத்தையும் அந்தக் குரல்தான் தாங்கும். ‘டம் டம்’ என்ற வல்லின உச்சரிப்பு முரசுக்குப் பதில். பாடும்போது சுருதி மெல்ல இறங்குவது இயல்பு, நிலையான சுருதியுள்ள வாத்தியத்தைப் பின்னால் ஒட்டினால் அங்கே உரசல் கேட்கும். அப்படிக் கேட்டால் தனி உள்ளீடாகப் போட்டு, ‘மாதிரிப் பதிவு, வாத்தியம் பின்சேர்ப்பு’ என்று குறிப்பெழுதுங்கள்.