ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று: இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே இந்தியா வெளியேறியது எப்படி?

வினா: பாளை மாமன்

அனைவருக்கும் வணக்கம். நான் கால்பந்து பார்ப்பவனே தவிர அதன் விதிமுறைகளைப் படித்தவன் அல்லன். 2025 அக்டோபர் 14 அன்று கோவாவின் மட்காவில் இந்தியாவும் சிங்கப்பூரும் மோதிய ஆட்டத்தை, பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்துத் தேநீர்க் கடையொன்றில், அக்காள் மகனின் கைப்பேசியைச் சீனி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம். 14ஆம் நிமிடத்தில் நம் சாங்டே கோல் அடித்ததும் கடைக்காரர் பாய்லரை விட்டு எழுந்து வந்து நின்றார். சிங்கப்பூரின் சாங் உய்-யங் இரண்டாவது கோலையும் அடித்தபோது ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். 1-2 என்று ஆட்டம் முடிந்தவுடன் இந்தியா வெளியேறியதாகச் செய்தி வந்தது.

அப்போது பையன் கேட்டான்: "மாமா, இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கே, ரெண்டையும் ஜெயிச்சா?" என்னால் விடை சொல்ல முடியவில்லை. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1 என்று தோற்றுவிட்டோம் என்பதால் இப்போது அந்தக் கேள்விக்குப் பயனில்லை என்றாலும், அவன் விடுவதாக இல்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று என்று ஒன்றில் ஆடினோம், பிறகு ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று என்று மற்றொன்றில் ஆடினோம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கணக்கு வாத்தியார், வீரவநல்லூர்

அண்ணாச்சி, முதலில் மருமகனுக்கு விடை சொல்லிவிடுகிறேன். நம் பிரிவில் நான்கு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு ஆட்டங்கள். முதலிடம் பிடிக்கும் ஓர் அணிக்கு மட்டுமே இடம். அக்டோபர் 14 இரவில் நான்கு ஆட்டங்கள் முடிந்திருந்தன. சிங்கப்பூருக்கு 8 புள்ளிகள், ஹாங்காங்குக்கு 8, இந்தியாவுக்கு 2, வங்கதேசத்துக்கு 2. மீதி இரண்டையும் நாம் வென்றிருந்தால் 6 சேர்ந்து 8 ஆகியிருக்கும். அதனால் சமநிலைக்கு வழியிருந்ததே என்று தோன்றும். ஆனால் சிங்கப்பூரும் ஹாங்காங்கும் தங்களுக்குள் இன்னும் ஓர் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. அதில் ஒருவர் வென்றால் அவருக்கு 11, டிரா ஆனால் இருவருக்கும் 9. எப்படிப் பார்த்தாலும் ஒருவர் நம்முடைய 8ஐத் தாண்டிவிடுவார் என்பதால், கோல் வித்தியாசம் போன்றவற்றுக்கு வேலையே இல்லாமல் அன்றிரவே கதை முடிந்துவிட்டது. அந்த ஆட்டத்தை நவம்பர் 18 அன்று சிங்கப்பூர் 2-1 என்று வென்று, தகுதியும் பெற்றுவிட்டது.

இனி அமைப்பைப் பார்ப்போம். 2027 ஆசியக் கோப்பை சவூதி அரேபியாவில் நடக்கிறது; 24 அணிகளுக்கு இடம். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதற்குத் தனியாகத் தகுதிச் சுற்றைத் தொடங்கவில்லை. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் முதல் இரண்டு கட்டங்களையே இதற்கும் சேர்த்துப் பயன்படுத்திக்கொண்டது. மொத்தம் 46 அணிகள். ஃபிஃபா தரவரிசையில் ஆசிய அளவில் முதல் 26 இடங்களில் இருந்தவை நேராக இரண்டாம் கட்டத்துக்குப் போயின. மற்ற 20 அணிகள் தங்களுக்குள் இரண்டிரண்டு ஆட்டங்கள் ஆடி, வென்ற 10 அணிகள் அவற்றுடன் சேர்ந்தன. இந்த 36 அணிகளும் நான்கு நான்காக ஒன்பது பிரிவுகளாயின. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த 18 அணிகளுக்கு உலகக் கோப்பைத் தகுதியின் அடுத்த கட்டமும் கிடைத்தது, ஆசியக் கோப்பை இடமும் உறுதியானது. இதைப் பெரிய வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் நுழைய முடியாமல் மூன்றாம், நான்காம் இடங்களில் நின்ற 18 அணிகளுடன், முதல் கட்டத்தில் தோற்றவற்றிலிருந்து மேலே வந்த 6 அணிகளைச் சேர்த்து, 24 அணிகளை ஆறு பிரிவுகளாக்கினார்கள். அதுதான் நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன தகுதிச் சுற்று. அங்கே பிரிவுக்கு ஒருவர், ஆக மொத்தம் ஆறு பேர். இது சின்ன வாசல். போட்டியை நடத்தும் சவூதிக்கு எப்படியும் இடம் உண்டு; அவர்கள் தங்கள் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்துப் பதினெட்டுக்குள்ளேயே வந்துவிட்டதால் எண்ணிக்கையில் சிக்கல் எழவில்லை.

மறுமொழி 2: உவரிக் கரை

வாத்தியார் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் பெரிய வாசலில் நாம் எப்படி நின்றோம் என்பதையும் பையனிடம் சொல்ல வேண்டும். கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் ஆகியவை நம் பிரிவில் இருந்தன. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் கத்தாருடன் கடைசி ஆட்டம். சாங்டேயின் கோலால் 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். 73ஆம் நிமிடத்தில் நம் கோல்கீப்பர் தடுத்த பந்து இறுதிக்கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. அதை உள்ளே இழுத்துப் போட்டு கோலாக்கினார்கள். நடுவர் அதை ஒப்புக்கொண்டார். அந்தக் கட்டத்து ஆட்டங்களில் வார் என்னும் காணொளி மறுபரிசீலனை கிடையாது. முடிவு 1-2. நாம் 5 புள்ளிகளிலேயே நின்றோம், குவைத் 7 புள்ளிகளுடன் போனது. அந்த 1-0 நின்றிருந்தால் நமக்கு 8.

எங்கள் கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவுக்குக் கோப்பை ஆட்டம் வைப்பார்கள். மணலில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டிருப்போம். அலைக்காற்றில் பாதிக் கோடு பறந்துவிடும். ஆனாலும் பந்து கோட்டைத் தாண்டினால் ஓரத்தில் நிற்கும் சின்னப் பிள்ளைகளே "அவுட்டு" என்று கத்திவிடும். தோஹாவில் கத்துவதற்கு ஆளில்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு முறையிட்டும் முடிவு மாறவில்லை.

மறுமொழி 3: கணக்கு வாத்தியார், வீரவநல்லூர்

உவரித் தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானதே; ஆனால் அந்த ஒரு கோலின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற எனக்கு மனமில்லை. 2024 மார்ச் 26 அன்று குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானுடன் ஆடினோம். அது நம் அணித்தலைவர் சேத்ரியின் 150ஆவது ஆட்டம். பெனால்டியில் அவரே கோலும் அடித்தார். 70ஆம் நிமிடம் வரை முன்னிலை, முடிவில் 1-2. அதை வென்றிருந்தாலும் நமக்கு அதே 8 புள்ளிகள்தான், குவைத்துக்கு அதே 7தான். குவைத் நாட்டுக்கே போய் 1-0 என்று வென்ற அணி, சொந்த மண்ணில் ஆப்கானிஸ்தானிடம் தோற்று, கொல்கத்தாவில் குவைத்துடன் 0-0 என்று முடித்துக்கொண்டது. கத்தாரிடம் போய் வெல்ல வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடந்த முறை, அதாவது 2023ஆம் ஆண்டுக் கோப்பைக்கு, சின்ன வாசல் இவ்வளவு சின்னதாக இருக்கவில்லை. அப்போது பெரிய வாசல் வழியாகப் போனவை 13 அணிகள். எஞ்சிய 11 இடங்களுக்கு ஆறு பிரிவுகளின் முதலிடத்தாரோடு இரண்டாம் இடத்தாரில் சிறந்த ஐவரையும் எடுத்தார்கள். 2022 ஜூனில் கொல்கத்தாவில் கம்போடியா, ஆப்கானிஸ்தான், ஹாங்காங் ஆகிய மூன்றையும் வென்று நாம் முதலிடமே பிடித்தோம் என்றாலும், வேறொரு பிரிவில் பாலஸ்தீனம் பிலிப்பைன்சை வென்றதால், ஹாங்காங்குடன் ஆடத் தொடங்கும் முன்பே நமக்கு இடம் உறுதியாகியிருந்தது. அப்படியொரு தாங்கல் இம்முறை இல்லை.

ஐரோப்பாவில் 2024 போட்டிக்குப் பத்துப் பிரிவுகளிலும் முதல் இருவர் நேராகப் போனார்கள். ஆப்பிரிக்காவிலும் 2025 போட்டிக்குப் பிரிவுக்கு இருவர். தென்னமெரிக்காவிலோ பத்து நாடுகளும் தகுதிச் சுற்று இல்லாமலே கோப்பா அமெரிக்காவில் ஆடுகின்றன. பிரிவுக்கு ஒருவர் என்ற இந்தச் சின்ன வாசல் கடுமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது முன்கூட்டியே தெரிந்த விதி. பிரிவுகளுக்கான குலுக்கலில், தரவரிசையில் மேலே இருந்த அணிகளுக்கான முதல் தொட்டியில் வேறு நாம் இருந்தோம்.

மறுமொழி 4: கடையநல்லூரான், சிங்கப்பூரிலிருந்து

நான் இங்கே வேலை பார்ப்பவன் என்பதால் இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிறேன். அக்டோபர் 9 அன்று காலாங் அரங்கில் நேரில் இருந்தேன். இடைவேளைக்குச் சற்று முன்னால் சிங்கப்பூரின் இக்சான் ஃபாண்டி கோல் அடித்தார். இரண்டாம் பாதி தொடங்கியவுடன் இந்தியாவின் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேருடன் ஆடிய இந்தியா, 90ஆம் நிமிடத்தில் ரஹீம் அலியால் 1-1 ஆக்கியது. எனக்குப் பக்கத்தில் இருந்த தென்காசிக்காரர் என் தோளில் அறைந்த அறை இரண்டு நாள் வலித்தது. ஐந்தே நாளில் மட்காவில் அந்தப் புள்ளிக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

என் பார்வையில் ஷில்லாங்கில்தான் கோட்டை விட்டோம். 2025 மார்ச்சில் வங்கதேசத்துடன் முதல் ஆட்டம், சொந்த மண். ஓய்வு பெற்ற சேத்ரியைத் திரும்ப அழைத்தும் 0-0. பிரிவுக்கு ஒருவர்தான் என்றால் சொந்த மண்ணில் கிடைக்கும் மூன்று ஆட்டங்களையும் வென்றாக வேண்டும். சிங்கப்பூர் 1984இல் போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் மட்டுமே ஆசியக் கோப்பையில் ஆடியது. ஆடித் தகுதி பெறுவது இதுவே முதல் முறை. அலுவலகத்தில் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன்.

மறுமொழி 5: பாளை மாமன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் ஐயா சொன்ன 8, 8, 2, 2 கணக்கைப் பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டியதும் பையனுக்கு உடனே புரிந்துவிட்டது. அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: அப்படியென்றால் 2026 மார்ச் 31 அன்று ஹாங்காங்குடன் எதற்கு ஆட வேண்டும்?

மறுமொழி 6: கணக்கு வாத்தியார், வீரவநல்லூர்

தரவரிசைக்காக, அண்ணாச்சி. முதல் 26 அணிகள் நேராக இரண்டாம் கட்டத்துக்குப் போயின என்றேன் அல்லவா? 2023 ஜூலையில் நாம் உலக அளவில் 99ஆம் இடத்தில் இருந்ததால் அந்த வரிசையில் வசதியாக உட்கார்ந்திருந்தோம். 2025 நவம்பரில் 130ஐயும் தாண்டிக் கீழே இறங்கிவிட்டோம். அடுத்த தகுதிச் சுற்றும் இதே முறையில் நடந்தால், ஆசிய வரிசையில் முதல் 26 இடங்களுக்குள் இல்லாவிட்டால் முதல் கட்டத்திலிருந்தே ஆடி வர வேண்டியிருக்கும். ஹாங்காங்கை வென்றால் தரவரிசைப் புள்ளிகள் கிடைக்கும். பையனிடம் அந்தப் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்; பின்பக்கத்தில் இன்னும் இடம் இருக்கும்.