கெட்டியான குழம்பு அசையாமல்தானே கிடக்க வேண்டும்? எரிமலை ஏன் வெடிக்கிறது?

நிலாமுற்றம்:
எரிமலை பற்றி எதைத் திறந்தாலும் ஒரே வரிதான் வருகிறது. சிலிக்கா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) குறைந்தால் எரிமலைக் குழம்பு நீர்த்து வழிந்தோடும், கூடினால் கெட்டியாகி வெடிக்கும் என்று. முதல் பாதி புரிகிறது. இரண்டாவது பாதிதான் இடிக்கிறது. கெட்டியான பொருள் கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதானே, எதற்காக 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் பறக்கிறது? அப்புறம் ஆப்சிடியன் என்கிற கறுப்புக் கண்ணாடிக் கல். அதுவும் சிலிக்கா மிகுந்த குழம்பு வழிந்து ஆறியதுதானாம். வெடிக்க வேண்டியது எப்படி வழிந்தது? யாராவது விளக்குங்களேன்.

பாறைப்பித்தன்:
நியாயமான சந்தேகம். அந்த வரியில் முக்கியமான ஆளை விட்டுவிட்டார்கள்: வாயு. வெடிப்பு குழம்பின் வேலை அல்ல, அதில் கரைந்திருக்கும் நீரின் வேலை. குழம்பு செய்வதெல்லாம் அந்த நீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பதுதான்.

படிக்கிற காலத்திலிருந்து என் மேசையில் இரண்டு கல் கிடக்கின்றன. ஒன்று நுரைக்கல், இன்னொன்று நீங்கள் சொன்ன ஆப்சிடியன். இரண்டும் ரியோலைட் என்கிற எரிமலைப் பாறை வகைதான், சிலிக்கா 70 சதவீதத்துக்கு மேல். நுரைக்கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல்லே தெரியாது, ஓட்டைகள்தான் தெரியும். ஒரே திசையில் இழுபட்ட குழாய் மாதிரிக் குமிழிகள், நடுவில் கண்ணாடி நூலாய்ச் சுவர்கள். முக்கால் பங்கு வெற்றிடம், தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஆப்சிடியனில் கண்ணுக்குத் தெரிகிற குமிழி ஒன்றுகூட இல்லை. ஒரே சரக்கு, இரண்டு தலையெழுத்து.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கன மீட்டர் குழம்பில் எடைக்கு 5 சதவீதம் நீர் கரைந்திருந்தால் அது நூறு கிலோவுக்கு மேல் வரும். ஆழத்தில் அழுத்தம் இருக்கும் வரை அடங்கியிருக்கும். மேலே வந்து 900 டிகிரியில் ஆவியானால் ஏறக்குறைய 600 கன மீட்டர் இடம் கேட்கும். ஹவாயின் கிலாவேயா எரிமலையில் வருவது பசால்ட் என்கிற குழம்பு. சிலிக்கா 50 சதவீதம், சூடு 1,150 டிகிரியை ஒட்டி, நீரோ 1 சதவீதத்துக்கும் குறைவு. குமிழி மேலே வந்து உடைந்து போய்விடும், குழம்பு துள்ளித் தெறிக்கும், அவ்வளவுதான். சிலிக்கா கூடும்போது சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்துச் சங்கிலியாகிவிடுகின்றன. குமிழியால் நகர முடியாது, வந்த இடத்திலேயே ஊதிப் பெருக்கும்.

இதில் ஒரு குரூரமும் உண்டு. கரைந்திருக்கும் நீர்தான் அந்தச் சங்கிலிகளை அறுத்துக் குழம்பை இளக்கி வைத்திருந்தது. அது குமிழியாகப் பிரிந்ததும் மிச்சம் இன்னும் இறுகுகிறது. தப்பிக்கப் பார்க்கிறவரே கதவைச் சாத்திக்கொள்கிற கதை! கடைசியில் குமிழிச் சுவர்கள் நொறுங்குகின்றன. நாம் சாம்பல் என்பது அந்தக் கண்ணாடித் தூள்தான், எரிந்த சாம்பல் அல்ல.

சரி, வழிதல் எப்படி? அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையைப் பாருங்கள். அங்கே டேசைட் என்கிற குழம்பு, சிலிக்கா 64 சதவீதம் போல. 1980 வசந்தத்தில் குழம்பு மேலேறி வழியிலேயே சிக்கி, வடக்குச் சரிவை நாளுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் வெளியே தள்ளியது. மே 18 அன்று அந்தச் சரிவு பெயர்ந்து விழ, மூடி திறந்த மாதிரி அழுத்தம் சட்டென்று போயிற்று. 57 பேர் இறந்தார்கள். அந்த வெடிப்பில் உண்டான பள்ளத்தில் 2004 முதல் 2008 வரை அதே வகை டேசைட் மெதுவாகப் பிதுங்கிக் குன்றாக நின்றது. மெல்ல ஏறியதால் வாயு விரிசல்கள் வழியே கசிந்து போக அவகாசம் கிடைத்தது. ஆப்சிடியன் வழிவதும் இந்த வழியில்தான்.

தெற்குச்சாளரம்:
நல்ல விளக்கம். ஆனால் பசால்ட்டை இவ்வளவு சாதுவாகக் காட்டாதீர்கள். நியூசிலாந்தின் தாரவேரா எரிமலை 1886 ஜூன் 10 அன்று பசால்ட்டால்தான் வெடித்தது. 17 கிலோமீட்டருக்குப் பிளவு, நூறு பேருக்கு மேல் பலி.

பாறைப்பித்தன்:
ஒப்புக்கொள்கிறேன், அதைச் சொல்லியிருக்க வேண்டும். பிளவின் தென்மேற்குப் பகுதி ரோட்டோமஹானா ஏரி வழியே போனது. அங்கே வெளித்தண்ணீரும் சூட்டில் கலந்துகொண்டது. ஆனால் மலை மேலே நடந்ததற்கு ஏரியைக் காரணம் சொல்ல முடியாது. பசால்ட் வேகமாக ஏறி, ஏறும்போதே நுண்படிகங்கள் நிறைய விளைந்தால் அதுவும் கூழாகிவிடும், குமிழி மாட்டிக்கொள்ளும். சிலிக்கா அளவை மட்டும் வைத்து எரிமலைக்கு ஜாதகம் எழுத முடியாது.

குளிர்காற்று:
2010-இல் ஐரோப்பாவில் விமானங்களை நிறுத்தியதே, ஐஸ்லாந்தின் ஏயாஃப்யாட்லாயேகுட்ல் எரிமலை, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். மார்ச்சில் பக்கவாட்டில் பசால்ட் குழம்பு ஊற்றாய்ப் பீறிட்டது, மக்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். ஏப்ரல் 14-இல் உச்சியிலிருந்து சிலிக்கா கூடிய குழம்பு, வானமெல்லாம் சாம்பல். பனிப்பாறை உருகிய தண்ணீரும் ஆரம்பத்தில் சேர்ந்துகொண்டது.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. சாம்பல் கண்ணாடித் தூள் என்பது தெரியவே தெரியாது, விமான எஞ்சினுக்கு ஏன் அவ்வளவு பயந்தார்கள் என்பதும் இப்போதுதான் உறைக்கிறது. பாறைப்பித்தன், அந்த நுரைக்கல்லை லென்ஸ் வழியே படம் எடுத்துப் போட முடியுமா? அந்தக் குழாய்க் குமிழிகளைப் பார்க்க வேண்டும்.