கடாஸ்டர் வரைபடம்: ‘காணிப்படம்’ என்பதே பொருத்தம்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொருவர் நிலத்தின் எல்லையையும் அளந்து காட்டும் படம்தான் கடாஸ்டர் வரைபடம். நம் சொல்லடைவில் அதற்கு என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ஈப்போ ஐயா ‘நிலவரைபடம்’ என்றார். மதுரைத் தம்பி ‘புலப்படம்’ என்றார். யாழ்ப்பாணத்து அக்கா ‘காணிப்படம்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அக்கா சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

பினாங்கில் நில அளவையாளர் ஒருவரிடம் முப்பது வருடம் படம் வரைந்தவன் நான். எனக்கு முன்னால் அப்பா சர்வே கூலியாள். பாராங் கத்தி எடுத்து ரப்பர் காட்டுக்குள் ரெந்திஸ் (அளவைக்கான நேர்வழி) வெட்டுவார், அளவைச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடிப்பார். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் எங்களுக்கு இருந்த மனையின் பழைய படத்தை இப்போது மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். மூலைக்கு மூலை ஒரு சிறு வட்டம், அங்கே எல்லைக்கல். வட்டத்துக்கு வட்டம் ஒரு கோடு. கோட்டின்மேல் திசைக்கோணம், அதை ஒட்டித் தூரம், அதுவும் லிங்கில், அதாவது சங்கிலியின் ஒரு வளைய அளவில். நடுவில் லாட் (நிலத்துண்டு) எண், அதன்கீழ் பரப்பு: 0 ஏக்கர், 1 ரூட், 12 போல் (இரண்டும் ஏக்கரின் உட்பிரிவுகள்). எங்கள் கிணறு படத்தில் இல்லை. முருங்கை மரம் இல்லை, வீடுகூட இல்லை.

இதை எப்படி அளந்தார்கள்? ஒரு கல்லின்மேல் தியோடலைட் என்ற கோணமானியை நிறுத்தி, அடுத்த கல்லைப் பார்த்துக் கோணம் எடுப்பார்கள். 66 அடி நீளமும் 100 லிங்கும் கொண்ட சங்கிலியை இழுத்துத் தூரம் எடுப்பார்கள். இப்படியே கல் கல்லாகச் சுற்றி, தொடங்கிய கல்லுக்கே வந்து சேர வேண்டும். கணக்குப் போட்டால் துளியாவது விலகி நிற்கும். விலகல் வரம்புக்குள் இருந்தால் எல்லாக் கோடுகளுக்கும் பகிர்ந்து சரிசெய்வார்கள். வரம்பு மீறினால் மறுபடி காட்டுக்குள் போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட நாள்களில் அப்பா இருட்டிய பிறகுதான் வீடு வருவார், கால் முழுக்க அட்டை கடித்த தழும்போடு.

ஆக, ஒருவர் உரிமை எந்தக் கல்லோடு முடிகிறது என்பதுதான் இந்தப் படத்தின் பேச்சு முழுவதும்.

இதனால்தான் ‘நிலவரைபடம்’ எனக்கு ஒட்டவில்லை, ஐயா. மலை, ஆறு, சாலை காட்டும் படத்தையும் நாம் அப்படித்தானே சொல்வோம்? அதன் வம்சமே வேறு. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் அடிக்கோடு (முதல் அளவுக்கோடு) அளந்து தொடங்கிய வேலை, பிறகு இந்தியாவின் நெடுக்கே வளர்ந்தது. அந்த அளவைகளை வைத்து, லாம்டனுக்குப் பின் அந்த வேலையை நடத்திய எவரெஸ்ட் 1830-இல் கணித்த பூமி வடிவத்தைத்தான், சிறு மாற்றத்தோடு, மலாயாவின் நில அமைப்புப் படங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். லாட் படங்களுக்கோ மாநிலத்துக்கு மாநிலம் தனித் தொடக்கப் புள்ளி இருந்தது. பினாங்குக்கு அது கார்ன்வாலிஸ் கோட்டை. கோட்டையை ஒட்டிய எஸ்பிளனேடு கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவர்கள், இந்தத் தீவின் லாட் கணக்கெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியது என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

‘புலப்படம்’ நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஒரு புல எண்ணுக்கு (சர்வே எண்ணுக்கு) ஒரு பக்கம் என்று வரைந்து வைத்த அளவைப் படம்தான் அங்கே புலப்படம். பல புலங்கள் சேர்ந்த பெரிய கடாஸ்டர் வரைபடத்துக்கும் அதே பெயரை வைத்தால், தாலுகா அலுவலகத்தில் மனு எழுதுகிறவர் எதைக் கேட்பார்?

காணி அப்படி இல்லை. சோழர் கல்வெட்டுகளில் அது பரம்பரையாக வரும் நில உரிமை; காணியாட்சி என்ற சொல்லே உண்டு. இலங்கையில் இன்றும் அது தினப்பேச்சு: காணி உறுதி, காணித் தகராறு. மண்ணையும் உரிமையையும் ஒரே சொல் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பினாங்கில் ஒரு காலத்தில் நில உரிமை, கைமாறிய பத்திரங்களின் வரிசையிலேயே நின்றது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை அரசுப் பதிவேட்டு முறைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பதிவேட்டோடு பிணைந்த படத்துக்குக் காணி என்ற பெயர் நன்றாகவே பொருந்தும்.

தம்பியின் தடை எனக்குப் புரிகிறது: தமிழ்நாட்டில் காணி என்பது 1.32 ஏக்கர் அளவும் ஆகும். ‘அடி’ காலடியாகவும் இருக்கிறது, 12 அங்குலமாகவும் இருக்கிறது, நாம் தடுமாறுவதில்லை. காணிப்படம் என்று சேர்த்து எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

இதை ஏற்றால் காணியளவை, காணிப் பதிவேடு என்று மற்றவையும் வரிசையாக வந்துவிடும். 7.92 அங்குல லிங்குக்கு என் முன்மொழிவு ‘கண்ணி’. அப்பா சங்கிலியைத் துடைத்துச் சுருட்டும்போது, “கண்ணி முறுக்கிக்கிச்சுன்னா அளவு போச்சுடா” என்பார்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன் பிறகு காணிப்படம், கண்ணி இரண்டையும் சொல்லடைவில் ஏற்றிவிடுகிறேன்.