ராணுவப் பள்ளிக் கதைகள்: எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு எதைத் தரலாம்?

தண்டையார்பேட்டை வாசகி:
என் தங்கை மகள் என்சிசியில் சேர்ந்ததிலிருந்து ராணுவப் பள்ளிக் கதைகளாகத் தேடுகிறாள். எனக்குக் கிடைத்ததெல்லாம் போர்க்களத்தோடு நிற்கிறது. விடுதி, நட்பு, சீனியர்களின் மிரட்டல், வீட்டு ஞாபகம் இதெல்லாம் வருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

காசிமேடு காற்று:
அக்கா, 'எண்டர்ஸ் கேம்' கொடுங்கள். ஆர்சன் ஸ்காட் கார்ட் எழுதி 1985இல் வந்தது. ஆறு வயசுப் பையனை விண்வெளியில் இருக்கும் போர்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார்கள். எடையற்ற அறையில் நடக்கும் அணிப் போட்டிகள் அவளைப் பிடித்து உட்கார வைத்துவிடும், ஆனால் கதையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: அவனைத் தளபதி ஆக்கவேண்டும் என்று பெரியவர்கள் வேண்டுமென்றே அவனை நண்பர்களிடமிருந்து பிரித்துத் தனியாக விடுகிறார்கள், அது சரியா என்று அவளிடமே கேளுங்கள். அடிதடி கடுமையாக இருக்கும், முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

ராயபுரம் ரயிலடி:
பெரு நாட்டு எழுத்தாளர் வர்காஸ் யோசாவின் 1963இல் வந்த நாவல் 'தி டைம் ஆஃப் த ஹீரோ', லிமாவை ஒட்டி அவரே படித்த லியோன்சியோ பிராடோ ராணுவப் பள்ளியில் நடக்கிறது. அருமையான நாவல், ஆனால் இந்த வயதுக்கு வேண்டாம், கல்லூரி போனதும் படிக்கட்டும்.

வியாசர்பாடி அக்கா:
நம் பக்கத்துக் கதைதான் எனக்கு வேண்டும். அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962லிருந்து இருக்கிறது, பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது, 2022இல் கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குள்ளும் பெண்கள் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். அப்புறம் ஏன் தமிழில் ஒரு கொருக்குப்பேட்டைப் பெண் கேடட் கதாநாயகியாக வரக்கூடாது? யாராவது எழுதுங்கள், நான் முதல் ஆளாக வாங்குகிறேன்.